விரிசலக்காவும் முப்பத்தொன்றாம் பேனலும்

விரிசலக்காவை விருந்துக்குக் கூப்பிடுகிறவர்கள் முதலில் தங்கள் வீட்டுச் சுவரை ஒரு தடவை பார்த்துக்கொள்வது நல்லது. வந்தவள் லேசில் உட்கார மாட்டாள். "எப்படி இருக்கீங்க, பிள்ளைங்க எப்படி" என்று வாய் கேட்டுக்கொண்டிருக்கும். கண் மட்டும் ஜன்னல் மூலைக்குப் போய்விடும். அங்கே ஒரு கோடு இருக்கும். யார் வீட்டு ஜன்னல் மூலையில்தான் இல்லை? கிட்டே போய் விரல் நகத்தால் ஒரு தடவை தடவிப் பார்த்துவிட்டு, "இது ஒண்ணுமில்லீங்க, தோல் வெடிப்பு. பயப்படாதீங்க" என்பாள். அதுவரை அந்த வீட்டில் யாரும் பயப்படவில்லை. அவள் சாப்பிட்டுவிட்டுப் போன பிறகுதான் ஆளாளுக்கு அந்த மூலையைப் பார்க்க ஆரம்பிப்பார்கள்.

அவளுக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது சம்பளப் பட்டியலில் மட்டும் இருக்கிறது. கடலோரத்தில் நடக்க வருகிறவர்களிலிருந்து அலுவலகத்தில் பெரிய கிளார்க் வரைக்கும் எல்லாருக்கும் அவள் விரிசலக்காதான்.

பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால், கடல் தடுப்புச் சுவரைப் பராமரிக்கும் அலுவலகத்தில் பெருக்குகிற வேலைக்குத்தான் அவள் சேர்ந்தாள். சுவரை ஒட்டிய நடைபாதையில் அலை கொண்டுவந்து கொட்டும் மணலைக் கூட்டி அள்ளவேண்டும். கூட்டும்போது பன்னிரண்டாம் பேனலில் ஒரு கோடு கண்ணில் பட்டது. அடுத்த வாரம் அது கொஞ்சம் நீண்டுவிட்ட மாதிரி இருந்தது. அதன் நுனியில் பென்சிலால் ஒரு குறி போட்டுத் தேதி எழுதினாள். யாரும் எழுதச் சொல்லவில்லை. சும்மா ஓர் ஆர்வக்கோளாறு. அதற்கு அடுத்த வாரம் இன்னொரு குறி. மூன்று மாதம் கழித்து அப்போதைய அதிகாரி வரிசையாக இருந்த குறிகளைப் பார்த்துவிட்டு, "இதை யார் கிறுக்கினது?" என்று சத்தம் போட்டார். வேலை போச்சு என்று நினைத்துத் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுப் போய் நின்றாள். வேலை போகவில்லை. அவர் மேசையிலிருந்து ஒரு கண்ணாடி அட்டையை எடுத்துக் கொடுத்து, "இனிமே இதுதான் உன் வேலை" என்றார்.

அந்த அட்டை இன்னும் அவளிடம் இருக்கிறது. உள்ளங்கை அளவு, வெளிச்சம் ஊடுருவுகிற பிளாஸ்டிக். அதில் வெவ்வேறு தடிமனில் கறுப்புக் கோடுகள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஓர் எண். விரிசல்மேல் அட்டையை வைத்து எந்தக் கோடு விரிசலோடு பொருந்துகிறது என்று பூதக்கண்ணாடியால் பார்த்தால், விரிசலின் அகலம் எத்தனை மில்லிமீட்டர் என்று தெரிந்துவிடும். கூடவே ஒரு சின்னச் சுத்தியல், சாக்குக்கட்டி, பென்சில், படிவம் செருகிய பலகை. பெரிய மெஷின் எதுவும் கிடையாது. பள்ளிக்கூடத்தோடு நின்றுபோன படிப்பு. ஆனால் அந்தச் சுவர் விஷயத்தில் அவள் எழுதிக் கொடுத்த எண்ணை இதுவரை ஒருத்தர்கூடத் திருத்தியதில்லை. அதில் அவளுக்கு அசாத்தியப் பெருமை. இல்லை என்று அவள் சொன்னால் நம்பாதீர்கள்.

சுவர் மொத்தம் முப்பத்தாறு பேனல்கள், ஒவ்வொன்றும் பத்து மீட்டர் நீளம். ஒவ்வொன்றின் குணமும் அவளுக்கு அத்துப்படி. ஒன்பதாம் பேனலில் வலைபோலப் படர்ந்த மெல்லிய வெடிப்புகள். பார்க்கத்தான் பயங்கரம், மேல்தோலோடு சரி. இருபதில் ஒரு கோட்டின் ஓரமாகப் பழுப்புக் கறை வழிந்திருக்கிறது. உள்ளே கம்பி துருப்பிடிக்கிறது என்று அர்த்தம், அதன்மேல் ஒரு கண் வைத்திருக்க வேண்டும். முப்பத்தொன்றில் மேலிருந்து கீழாக நேர்கோடாக ஒரு விரிசல். பேனலுக்கும் பேனலுக்கும் நடுவே விட்டிருந்த இடைவெளியை எவனோ ஒரு புத்திசாலி சிமெண்ட் பூசி அடைத்துவிட்டான். சுவருக்கு அசைய இடம் வேண்டாமா? அது தானாகவே ஓர் இடைவெளியைப் போட்டுக்கொண்டது. நாலாம் பேனலில் சாய்வாக ஒன்று. அதைத்தான் அவளுக்கு ஆரம்பத்திலிருந்தே பிடிக்காது.

அந்த நாலாம் பேனலுக்கு முதுகைக் கொடுத்துக்கொண்டுதான் அலுவலகம் நிற்கிறது. ஒரே தளம், பதினாலு பேர். அங்கே ஒரு ஃபைல் பீரோ உண்டு. அதன் கதவு தானாகத் திறந்துகொள்ளும். பெரிய கிளார்க் அட்டைத் துண்டை மடித்துச் செருகி மூடுவார். மறுநாள் காலையில் திறந்து கிடக்கும். "பாருங்க, ஃபைலுக்கே போரடிச்சு வெளிய வரப் பாக்குது" என்பார். எல்லாரும் சிரிப்பார்கள். விரிசலக்காவும்தான் சிரித்தாள்.

மூன்று மாதத்துக்கு ஒரு தடவை சுவர் முழுவதையும் அளக்க வேண்டும். விடிகாலை ஆறு மணிக்கு முதல் பேனலில் ஆரம்பிப்பாள், ஏனென்றால் பஸ் அங்கேதான் நிற்கும். குனிந்து, நிமிர்ந்து, தட்டி, தடவி, எழுதி முப்பத்தாறை முடிக்கும்போது மணி பன்னிரண்டு ஆகிவிடும். பத்தொன்பது வருஷமாக இதே வழக்கம்.

வினை ஒரு ஸ்கூட்டர் ரூபத்தில் வந்தது. அவள் வீட்டுக்காரர் அச்சகத்தில் வேலை பார்க்கிறவர், சாது. ஆனால் ஸ்கூட்டர் வாங்கியதும் மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. "இனிமே நீ பஸ்ஸுல இடிபட வேண்டாம், நானே கொண்டுபோய் விடுறேன்" என்று ஒற்றைக்காலில் நின்றார். அவர் போகிற வழி சுவரின் மறுகோடியில் இருந்தது. அங்கே முப்பத்தொன்றாம் பேனலுக்கு நேர் பின்னால் அவருடைய தங்கை தையல் கடை வைத்திருக்கிறாள். தங்கைக்கும் மதியச் சாப்பாட்டுக் கேரியரைக் கொடுத்த மாதிரி ஆச்சு, பெண்டாட்டியையும் இறக்கிவிட்ட மாதிரி ஆச்சு.

"அப்ப நான் முப்பத்தாறுலேர்ந்துல்ல ஆரம்பிக்கணும்" என்றாள் விரிசலக்கா.

"இந்தப் பக்கமா போனா என்ன, அந்தப் பக்கமா போனா என்ன? சுவர் ஒண்ணுதானே?"

சரிதான் என்று அவளுக்கும் பட்டது. பத்தொன்பது வருஷ அனுபவசாலிக்கு அப்படிப் பட்டிருக்கக் கூடாது. பட்டுவிட்டது.

அவளுக்குச் சங்கடமாக இருந்தது வேறு விஷயம். அவளும் நாத்தனாரும் நேருக்கு நேர் பேசி ஆறு வருஷம் ஆகிறது. காரணம் ஒரு சட்டை. வேலைக்குப் போட்டுக்கொள்ள நிறையப் பை வைத்த சட்டை ஒன்று தைத்துத் தரச் சொன்னாள். அளவெடுக்கும்போது வயிறு தெரியக் கூடாது என்று மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றவள் இவள்தான். சட்டை இறுக்கமாக வந்ததும் உறவுக்காரர்கள் நிறைந்த கூடத்தில், "என் நாத்தனார் தைச்ச சட்டையைப் போட்டா மூச்சு விட முடியாது, பட்டன் தெறிச்சு யார் கண்ணையாவது குத்திடும்" என்று சொன்னவளும் இவள்தான். அன்றைக்கு மூடிய வாயை நாத்தனார் திறக்கவேயில்லை. ஒரே மேசையில் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தாலும், "அண்ணா, அண்ணிக்கு இன்னும் கொஞ்சம் டீ வேணுமான்னு கேளு" என்பாள். "வேண்டாம்னு உங்க தங்கச்சிகிட்ட சொல்லுங்க" என்பாள் இவள். நடுவில் அந்த மனிதர் தபால்காரர் மாதிரி இரண்டு பக்கமும் தலையை ஆட்டிக்கொண்டிருப்பார்.

அந்தத் தடவை அளந்தபோது முப்பத்தொன்றில் விரிசலக்காவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. பல வருஷமாக 0.3-ஐத் தாண்டாத விரிசல் இப்போது 0.6 காட்டியது. துடைத்துவிட்டு மறுபடி வைத்தாள். அதே 0.6. துரு இல்லை, கசிவு இல்லை, ஓரம் சுத்தமாக இருக்கிறது. எண் மட்டும் இரண்டு மடங்கு. அட்டை என்ன காட்டுகிறதோ அதைத்தான் எழுத வேண்டும், நமக்குத் தோன்றுவதை எழுதக் கூடாது என்பது அவள் வேதம். எழுதினாள். உச்சி வெயிலில் நாலாம் பேனலுக்கு வந்தபோது இன்னொரு ஆச்சரியம். போன தடவை 0.5 இருந்த சாய்வு விரிசல் இப்போது 0.4. உப்பு படிந்து வாயை அடைத்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு அதையும் எழுதினாள். "உங்க கை பட்டுக் குணமாயிடுச்சு போல" என்றார் பெரிய கிளார்க். அவளும் முகம் மலர்ந்து போனாள்.

புது இஞ்சினியர் ரோட்டுத் துறையிலிருந்து மாற்றலாகி வந்து நாலு மாதம்தான் ஆகியிருந்தது. ரோட்டில் குழி விழுந்தால் வண்டி குலுங்கும், அவ்வளவுதான். கடல் அப்படியா? ஒவ்வொரு அலைச் சத்தத்துக்கும் அவர் நிமிர்ந்து பார்ப்பார். அறிக்கையில் முப்பத்தொன்றாம் பேனலைப் பார்த்தார். "மூணு மாசத்துல டபுளா!" என்று எழுந்துவிட்டார். அந்தப் பேனலை உடைத்துவிட்டு மறுபடி கட்ட வேண்டும், அதற்குப் பின்னால் இருக்கும் துறைக்குச் சொந்தமான கட்டடத்தைப் பத்து நாளில் காலி செய்ய வேண்டும் என்று நோட்டீஸ் அடித்து, அன்றைக்கே ஆளை அனுப்பி ஒட்டச் சொல்லிவிட்டார்.

துறைக்குச் சொந்தமான அந்தக் கட்டடம்தான் நாத்தனாரின் தையல் கடை.

விஷயம் தெரிந்ததும் விரிசலக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மதியம் இரண்டு மணிக்கு வியர்க்க விறுவிறுக்க ஓடிவந்தாள். கதவில் நோட்டீஸ் பளபளவென்று ஒட்டியிருந்தது. 'ஆய்வு உதவியாளரின் அறிக்கைப்படி' என்று முதல் வரியிலேயே போட்டிருந்தார்கள். அந்த உதவியாளர் அவள்தான். உள்ளே இரண்டு தையல் மெஷின், நீளமான வெட்டு மேசை, ஆணியில் தொங்கும் பாதி தைத்த பள்ளிச் சீருடைகள். பன்னிரண்டு வருஷமாக நாத்தனார் தனி ஆளாக நின்று நடத்தும் கடை. அவளுக்கு வேறு போக்கிடம் கிடையாது.

நாத்தனார் மெஷினிலிருந்து எழுந்தாள். தபால்காரர் பக்கத்தில் இல்லை.

"ஒரு சட்டைக்காக என் கடையையே இடிக்கணுமா அண்ணி?"

ஆறு வருஷத்தில் நேராகச் சொன்ன முதல் வார்த்தை அது. விரிசலக்காவுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல ஆகிவிட்டது.

"சத்தியமா அதுக்காக இல்லம்மா. அட்டை காட்டினதை எழுதினேன். வேற எதுவும் எனக்குத் தெரியாது."

"அட்டைக்கு அண்ணன், தங்கச்சி எல்லாம் தெரியாது. உங்களுக்குமா தெரியாது?"

பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் வாசலில் ஒரு வாடிக்கையாளர் வந்து நின்றார். ஆள் நல்ல வாட்டசாட்டம். புது பேண்ட்டின் இடுப்புப் பட்டனைப் போட முடியாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். "என்னம்மா, இப்படித் தைச்சு வச்சிருக்க? போட்டுக்கவே முடியல" என்று கத்தினார்.

நாத்தனார் அசரவில்லை. அளவு நோட்டைப் புரட்டினாள். "உங்களுக்கு அளவெடுத்தது காலைல ஏழரை மணிக்கு, வெறும் வயித்துல. இதோ பாருங்க, 'வெ.வ.'ன்னு எழுதியிருக்கேன். இப்ப மணி ரெண்டு. மூக்குப் பிடிக்கச் சாப்பிட்டுட்டு நேரா இங்க வர்றீங்க. அன்னிக்கே சொன்னேனா இல்லையா, சாயங்காலமா வாங்க, ரெண்டு அளவும் எடுத்துக்கிறேன்னு?"

"சாப்பிட்டா ஒரு மனுஷனுக்கு இடுப்பு மாறுமா?"

"மாறாமயா? நேரம் எழுதாம எடுத்த அளவு அளவே இல்லைங்க. போய் நாளைக்குக் காலைல போட்டுப் பாருங்க, கழண்டு விழும்."

அவர் முணுமுணுத்துக்கொண்டே போனார். விரிசலக்கா அந்த நோட்டையே பார்த்துக்கொண்டு சிலையாக நின்றாள். ஒவ்வொரு அளவுக்குப் பக்கத்திலும் மணி, அதற்குப் பக்கத்தில் வெறும் வயிறு என்றால் 'வெ.வ.', சாப்பிட்ட பின் என்றால் 'சா.பி.'. அவளுடைய படிவத்தில் பேனல் எண், நீளம், அகலம், துரு, கசிவு என்று எல்லாவற்றுக்கும் கட்டம் உண்டு. நேரத்துக்குக் கட்டமே கிடையாது.

"அடி என் தங்கமே!" என்று கத்திக்கொண்டு வெளியே ஓடினாள்.

"என்ன அண்ணி, பேய் பிடிச்சிருச்சா?" என்றாள் நாத்தனார்.

முப்பத்தொன்றாம் பேனல் வெயிலில் கை வைக்க முடியாமல் கொதித்தது. அட்டையை வைத்தாள். 0.3. நன்றாகத் துடைத்து மறுபடி வைத்தாள். 0.3. அங்கேயே நெற்றியில் அடித்துக்கொண்டாள். காலைக் குளிரில் கான்கிரீட் சுருங்கும், விரிசலின் வாய் திறக்கும். வெயில் ஏறினால் கான்கிரீட் விரியும், வாய் மூடிக்கொள்ளும். இது அவளுக்குத் தெரியாததா? அந்தச் சுவரில் தூங்குகிற பூனைக்குக்கூடத் தெரியும். ஆனால் பத்தொன்பது வருஷமாக ஒரே திசையில் நடந்ததால், ஒவ்வொரு பேனலையும் ஒவ்வொரு தடவையும் அதே நேரத்தில்தான் அளந்திருக்கிறாள். அதனால் நேரத்தைப் பற்றி நினைக்க வேண்டிய அவசியமே வந்ததில்லை. ஸ்கூட்டர் வந்தது, திசை மாறியது, பழைய மத்தியான அளவோடு புதுக் காலை அளவை ஒப்பிட்டுவிட்டாள். கடைச் சுவருக்கு ஒன்றும் ஆகவில்லை. சந்தோஷத்தில் அவளுக்குக் கண்ணீரே வந்துவிட்டது.

அந்தச் சந்தோஷம் சாயங்காலம் ஸ்கூட்டரில் பாதி வழி வரைக்கும்தான் நீடித்தது.

"ஐயோ, நாலு!" என்று வீட்டுக்காரரின் தோளைப் பிடித்து உலுக்கினாள். வண்டி ஒரு ஆட்டம் ஆடி நின்றது.

"என்ன நாலு?"

"நாலாம் பேனலு. முப்பத்தொண்ணு காலைல பெருசாத் தெரிஞ்சதுன்னா, நாலு மத்தியானத்துல சின்னதாத்தானே தெரிஞ்சிருக்கும்? முன்னாடியெல்லாம் அதைக் காலைல அளப்பேன். அது குறையலைங்க. வெயில்ல வாயை மூடிக்கிட்டு என்னை ஏமாத்திடுச்சு."

அவர் வண்டியை ஓரமாகத் தள்ளி நிறுத்தினார். "கடையைக் காப்பாத்த முப்பத்தொண்ணு மட்டும் சொன்னாப் போதாதா? ஒரே நாள்ல ரெண்டு தப்புன்னு நீயே போய் ஒத்துக்கிட்டா, பத்தொன்பது வருஷப் பேரு என்னத்துக்கு ஆகும்?"

"அந்தச் சுவருக்குப் பின்னாடி பதினாலு பேர் உக்காந்திருக்காங்க. பேரை வச்சுக்கிட்டு நான் என்ன பண்ண?" என்றாள். சொல்லிவிட்டாளே தவிர, வீடு போய்ச் சேரும்வரை அவர் முதுகில் முகத்தைப் புதைத்துக்கொண்டுதான் போனாள். அந்தப் பேர் ஒன்றுதான் அவள் சம்பாதித்தது.

மறுநாள் இஞ்சினியர் முன்னால் நின்று இரண்டையும் சொன்னாள். அவர் பேனாவை மூடிவைத்தார்.

"அதெப்படிம்மா, நோட்டீஸ் ஒட்டின மறுநாளே உங்க நாத்தனார் கடைச் சுவருக்கு மட்டும் உடம்பு சரியாயிடுச்சு? அதோட நிக்காம இப்ப எங்க ஆபீஸ் சுவருக்கு உடம்பு சரியில்லைங்கிறீங்க. என் காதுல பூச்சுத்தறீங்களா?"

சுற்றி இருந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். விரிசலக்காவுக்கு முகம் சிவந்துவிட்டது. அவமானத்தில் பாதி, கோபத்தில் பாதி. துடைப்பத்தைச் சாய்த்துவிட்டு நின்ற அந்தப் பழைய நாள் ஞாபகம் வந்தது. பையிலிருந்து கண்ணாடி அட்டையை எடுத்து அவர் மேசைமேல் வைத்தாள்.

"சார், என் கையை நீங்க நம்ப வேண்டாம். அட்டை இந்தாங்க. நாளைக்கு வெயில் ஏறுறதுக்கு முன்னாடி நீங்களே அளங்க, அப்புறம் உச்சி வெயில்லயும் நீங்களே அளங்க. பெரிய கிளார்க் சார் எழுதட்டும். நான் கையைக் கட்டிக்கிட்டு நிக்கிறேன். நான் சொன்னது பொய்யின்னா துடைப்பத்தைத் திருப்பிக் குடுங்க, வாங்கிக்கிறேன்."

அப்படிக் கேட்டால் எந்த மனிதர்தான் மறுப்பார்?

மறுநாள் ஆறரை மணிக்கு மூன்று பேரும் கடைக்கு முன்னால் நின்றார்கள். பெரிய கிளார்க் கொட்டாவி விட்டுக்கொண்டு பலகையைப் பிடித்திருந்தார். நாத்தனார் கடையைத் திறந்து வைத்துக்கொண்டு, துணி வெட்டுகிற சாக்கில் ஒரு காதை இங்கே கொடுத்திருந்தாள். இஞ்சினியர் அட்டையைத் தலைகீழாகப் பிடித்து, அப்புறம் திருப்பி, ஒருவழியாகப் படித்தார். "0.6. நீங்க எழுதின மாதிரியேதான் இருக்கு."

"நேரத்தையும் எழுதிக்கங்க சார்" என்றாள் விரிசலக்கா. "வாங்க, வெயில் வர்றதுக்குள்ள நாலுக்குப் போயிடலாம்."

நாலாம் பேனலில் இஞ்சினியர் குனிந்தார், நிமிரவில்லை. அட்டையில் கோடு கோடாக நகர்த்திக்கொண்டே போனார். கடைசியில், "0.9" என்றார்.

"நகத்தால தடவிப் பாருங்க சார்."

தடவினார். விரிசலின் ஒரு பக்கம் மறுபக்கத்தைவிடக் கொஞ்சம் வெளியே துருத்திக்கொண்டிருந்தது. நகம் படியில் இடறுகிற மாதிரி இடறியது. வாய் திறந்து மூடுகிற விரிசலில் இப்படி இருக்காது. கீழே அஸ்திவாரம் நகர்ந்தால்தான் இப்படி ஆகும்.

அப்போது கடல் உள்வாங்கிக்கொண்டிருந்தது. நீர் இறங்கும் நேரத்தில் சுவருக்குப் பின்னால் தேங்கிய தண்ணீர் விரிசல் வழியாகக் கடலுக்குத் திரும்பும். தண்ணீர் மட்டும் வந்தால் பாதகமில்லை. விரிசலக்கா பெரிய கிளார்க்கின் கையிலிருந்த டீ டம்ளரைக் கேட்காமலே பிடுங்கி, மிச்சத்தைக் கொட்டிக் கழுவி, கைப்பிடிச் சுவருக்கு வெளியே இருந்த படியில் இறங்கி, கசிவின் அடியில் பிடித்தாள். மேலே வந்து காட்டினாள். டம்ளரின் அடியில் ஒரு விரல்கடை உயரத்துக்கு மணல் படிந்திருந்தது.

"இது கடல் மணல் இல்ல சார். செம்மண் கலந்த நிரப்பு மணல். நம்ம ஆபீஸ் தரைக்கு அடியில போட்டது."

பெரிய கிளார்க்கின் முகத்தில் ஈயாடவில்லை. "அந்த பீரோ..." என்றார்.

மூன்று பேரும் உள்ளே ஓடினார்கள். பீரோ வழக்கம்போல வாயைத் திறந்துகொண்டு நின்றது. விரிசலக்கா சின்னச் சுத்தியலால் வாசலிலிருந்து தரையைத் தட்டிக்கொண்டே வந்தாள். டக், டக், டக். பீரோவுக்கு இரண்டு அடி முன்னால் சத்தம் மாறியது. தொம். தொம். உள்ளே ஒன்றுமே இல்லாத சத்தம். இஞ்சினியர் காலைத் தூக்கி மெதுவாகப் பின்னால் வைத்தார், அப்புறம் இன்னொரு காலை. "யாரும் ஓடாதீங்க. குதிக்காதீங்க. எல்லாரும் பூ மாதிரி வெளிய போங்க" என்று சொல்லிவிட்டு அவர்தான் முதலில் போனார்.

பன்னிரண்டு மணிக்கு முப்பத்தொன்றை அவரே மறுபடி அளந்தார். 0.3. அட்டையைத் துடைத்து இரண்டு கையாலும் விரிசலக்காவிடம் திருப்பிக் கொடுத்தார். "நேத்து நான் கேட்டது தப்பும்மா" என்றார். எல்லாருக்கும் கேட்கிற மாதிரிதான் சொன்னார். அதற்கு ஒரு மனசு வேண்டும். "இன்னும் ஒரு மழைக்காலம் அங்க உக்காந்திருந்தா, என்னை ஃபைலோட சேத்துக் கடல்லதான் தேடியிருப்பாங்க."

"தப்பு என்மேலயும் இருக்கு சார். நேரம் எழுதாதது நான்தானே" என்றாள் அவள். சொன்னதும் நெஞ்சு லேசாகிவிட்டது.

இப்போது ஒரு சின்னப் பிரச்சினை. பதினாலு பேரும், முப்பது நாற்காலியும், பீரோ நிறைய ஃபைலும் நடைபாதையில் வெயிலில் நின்றன. சுவரோரமாகத் துறைக்கு இருக்கிற இன்னொரு கட்டடம் ஒன்றே ஒன்று. அதில் பெரிய பின்னறை ஒன்று துணிமூட்டை மட்டும் அடுக்கிக் கிடந்தது. இஞ்சினியர் கடை வாசலில் வந்து நின்று இருமினார். உள்ளே போகவும் முடியவில்லை, திரும்பவும் முடியவில்லை.

நாத்தனார் இஸ்திரிப் பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். அவர் ஓரடி பின்வாங்கினார். அவள் அவரைப் பார்க்கக்கூட இல்லை. கதவில் இருந்த நோட்டீஸ்மேல் ஈரத்துணியைப் போட்டு, இஸ்திரியை மெதுவாக ஓட்டினாள். பசை இளகியது. ஓரம்கூடக் கிழியாமல் உரித்தெடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

"இந்தாங்க சார், உங்க பேப்பரு. ஆபீஸ் கதவுல ஒட்ட வேணும்ல? புதுசு எதுக்கு வீணா அடிக்கணும்?"

நடைபாதையில் நின்ற பதினாலு பேரும் கொல்லென்று சிரித்துவிட்டார்கள். இஞ்சினியரும் சிரித்தார், வேறு வழி? பெரிய கிளார்க் அங்கேயே 'தையல் கடை' என்பதை அடித்துவிட்டு 'அலுவலகம்' என்றும், 'முப்பத்தொன்று' என்பதை அடித்துவிட்டு 'நாலு' என்றும் எழுதினார். இஞ்சினியர் வெட்டு மேசையில் வைத்துக் கையெழுத்துப் போட்டார். ஆள் போய் ஒட்டிவிட்டு வந்தான்.

தரையைத் தோண்டியபோது பீரோவுக்கு அடியில் இரண்டு பேர் சம்மணம் போட்டு உட்காரலாம் போல ஒரு பொந்து இருந்தது. அதை நிரப்பி, நாலாம் பேனலுக்குப் புது அஸ்திவாரம் போட்டு முடிக்க ஐந்து மாதம் ஆயிற்று. அந்த ஐந்து மாதமும் துறையின் அலுவல் கடையின் பின்னறையில், தையல் மெஷின் சத்தத்துக்கு நடுவில்தான் நடந்தது. இஞ்சினியரின் கோப்புகளில் நூல் துணுக்கு ஒட்டாத ஒன்றைக் காட்டுங்கள் பார்ப்போம். புதுப் படிவம் அச்சாகி வந்தபோது, அகலத்துக்குப் பக்கத்தில் நேரம் என்று ஒரு கட்டம் இருந்தது. அச்சடித்தது வேறு யார், அவள் வீட்டுக்காரர்தான்.

ஆனால் முதல் நாளைச் சொல்ல வேண்டும். நாற்காலிகளை எல்லாம் உள்ளே ஏற்றிவிட்டு எல்லாரும் சாப்பிட்டு முடித்த நேரம். தங்கையின் கேரியரை எடுத்துப்போக வந்த வீட்டுக்காரர் வாசலில் நின்றார். நாத்தனார் கழுத்தில் தொங்கிய அளவு நாடாவை உருவினாள்.

"அண்ணா, அண்ணிகிட்ட..." என்று ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்திக்கொண்டாள். "சரி, நீ போ. அண்ணி, நீங்க இங்க வாங்க. அந்தச் சட்டையைப் பிரிச்சுத் தைச்சுத் தர்றேன். இன்னும் வச்சிருக்கீங்களா, தரை துடைக்கப் போட்டுட்டீங்களா?"

"வச்சிருக்கேன்" என்றாள் விரிசலக்கா. ஆறு வருஷமாக அலமாரியின் அடித்தட்டில் மடித்து வைத்திருந்தாள். ஏன் வைத்திருந்தாள் என்று அவளுக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது.

நாடா இடுப்பைச் சுற்றி வந்தது. அத்தனை பேர் பார்க்கிறார்களே என்று பழக்கதோஷத்தில் அவள் வயிற்றை எக்கிக்கொண்டாள்.

"மூச்சை விடுங்க அண்ணி."

விட்டாள். நாடா நாலு சென்டிமீட்டர் கூடியது. நாத்தனார் அதைப் படித்துவிட்டு நோட்டைத் திறந்து, பழைய அளவுக்குக் கீழே புது அளவை எழுதினாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து மணியை எழுதினாள். பக்கத்தில் 'சா.பி.' என்று போட்டாள். அப்புறம் இரண்டு பேரும் ஒருத்தியை ஒருத்தி பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்கள்.